மூலிகைக் கடைக் காசு

வைகுண்ட ஏகாதசி இரவு. ஐரோலி பிளாட்டில் கண்விழிக்கப் பரமபத சோபன படத்தை விரித்தோம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். "ஆனா எல்லாம் தாயக்கட்டைதானே மாமா முடிவு பண்ணுது!" என்றான் மருமகன். நியாயம்தான்.

அவன் லேப்டாப்பில் ஆடுவதோ செய்கையைப் பார்த்துப் புண்ணியம் எழுதும் ஆட்டம்: 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' (2003). நல்லது செய்தால் ஒளிப்பக்கம் புள்ளி ஏறும். 'ஃபேபிள்' (2004) ஆட்டத்திலோ கெட்டவனுக்குக் கொம்பே முளைக்கும். கதைகள் இன்றும் இழுக்கின்றன. அந்தப் பாவ-புண்ணிய மீட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. கேமரா இருக்கும் சிக்னலில் மட்டும் நிற்பவர்களைப் போல, மருமகனும் மீட்டரைப் பார்த்தே தர்மம் செய்கிறான்.

அதைவிடக் கிழம் ரிச்சர்ட் காரியட்டின் 'அல்டிமா 4' (1985). எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆக வேண்டும் (பெயர் நம்மூர்ச் சரக்கு). அதில் மூலிகை விற்பவருக்குப் பார்வை இல்லை. எவ்வளவு கொடுப்பது என்பது நம் கையில். குறைத்தால் மணி அடிக்காது, திரையில் எண் இறங்காது. ஆட்டம் ரகசியமாகக் குறித்துக்கொள்ளும். ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நம் நிலை தெரியும்.

மருமகனை ஆட வைத்தேன். முதல் தடவையே ஒற்றைக் காசு போட்டான்.

"என்னடா இது?"

"அவங்களுக்குத் தெரியாதே மாமா!"