ஆக்சிஜன் எழுந்து போனபின்

ஹீம் ஒரு தட்டையான வளையம். நடுவில் ஓர் இரும்பணு. நான்கு நைட்ரஜன்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து புரதமும் பற்றியிருக்கிறது. எதிர்ப்பக்கம் காலி. ஆக்சிஜன் வந்து அமர்வது அங்கேதான். நம் ரத்தத்தில் அந்த இடம் சுமப்பதற்கு. நுண்ணுயிர்கள் சிலவற்றில் அதே இடம் அறிவதற்கு.

*

ஹெம்ஏடி என்ற உணர்புரதத்தை மக்சுதுல் ஆலம் குழுவினர் 2000-இல் இரண்டு உயிர்களில் காட்டினார்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் அதைக்கொண்டு ஆக்சிஜனை நாடிப் போகிறது. உப்பளத்து ஹாலோபாக்டீரியம் விலகி ஓடுகிறது. உணர்வது ஒன்றுதான், அப்புறம் என்ன செய்வது என்பது அவரவர் பாடு.

*

எனக்குப் பிடித்தது ஃபிக்ஸ்எல். குதிரைமசால் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் புரதம். அதற்குள் ஹீம் இருப்பது 1991-இல் தெரிய வந்தது. ஆக்சிஜன் அமர்ந்திருக்கும்வரை அது சும்மா இருக்கும். ஆக்சிஜன் எழுந்து போனதும் ஒரு பாஸ்பேட்டைத் தன்மேல் ஏற்றி, ஃபிக்ஸ்ஜே என்ற இன்னொரு புரதத்துக்குக் கைமாற்றும். உடனே நைட்ரஜனை நிலைப்படுத்தும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

இல்லாமைதான் இங்கே செய்தி. காரணம் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டுமே? அதைச் செடி பார்த்துக்கொள்கிறது. லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் ஆக்சிஜனைத் திரியவிடாமல் பிடித்து, கஞ்சன் வீட்டு எண்ணெய் போல அளந்து ஊற்றுகிறது. அதிலும் ஹீம்தான். ஒரே முடிச்சுக்குள் ஓர் இரும்பு சுமக்கிறது, இன்னொன்று வேவு பார்க்கிறது.

*

காசநோய்க் கிருமியிடமும் இப்படி வேவு பார்க்கும் ஹீம் புரதங்கள் இரண்டு உண்டு: டாஸ்எஸ், டாஸ்டி. உடல் கிருமியை வளைத்துக்கொள்ள, ஆக்சிஜன் குறைய, இவை சுமார் 50 மரபணுக்களை எழுப்பி அதை உறக்கநிலைக்குத் தயார்செய்கின்றன. பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இதை ரசிக்க மனம் வரவில்லை. வேதியியல் என்னவோ அதேதான்.

*

பூக்கும் பருவத்தில் நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்க நேர்ந்தால், வேரிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடிபடுகிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை.