எத்தனை வருஷம் போதும்?

ஜெர்மனியில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை ஆறு வாரம். நம் ஊர்க் கணக்கில் அது நீண்ட விடுமுறை அல்ல. ஆனால் அந்த நாட்டில் வெயில் என்பது வருஷம் முழுவதும் எதிர்பார்த்திருந்து வரவேற்கிற விருந்தாளி. ஜூலை மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும். அதுவரை ஊரே வெளியில் கிடக்கும். குழந்தைகள் திறந்தவெளி நீச்சல் குளத்தில், பெற்றோர்கள் அதன் கரைப் புல்தரையில், வயதானவர்கள் ஐஸ்கிரீம் கடை வாசலில்.

நாங்கள் வீஸ்பாடன் நகரில் குடியிருந்த 2022ஆம் வருஷக் கோடையில் இன்னொரு சௌகரியமும் சேர்ந்துகொண்டது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் சாதாரண ரயில்களிலும் பஸ்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது. யுத்தத்தால் ஏறிவிட்ட விலைவாசிக்கு அது ஒரு சமாதானம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன் என்று நான்கு பேருக்கும் சேர்த்து மாதம் 36 யூரோ. காலையில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அப்படித்தான் அந்த விடுமுறை போயிற்று. ஒரு நாள் நீச்சல், மறுநாள் கோட்டை.

ரைன் நதி பிங்கன் என்ற ஊரிலிருந்து கோப்ளென்ஸ் வரை மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது. சுமார் 65 கிலோமீட்டர் தூரம். அதற்குள் நாற்பது கோட்டைகள் வரை இருக்கின்றன. ரயில் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவற்றை எண்ணுவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஒரே கோட்டையை இரண்டு தரம் எண்ணிவிட்டதாகச் சண்டை வரும். அந்தச் சண்டை தீருவதற்குள் அடுத்த கோட்டை வந்துவிடும்.

இவ்வளவு கோட்டைகள் எதற்கு? வீரத்துக்கு என்று நினைத்தால் பாதிதான் சரி. பெரும்பாலும் வசூலுக்கு. கௌப் என்ற சிற்றூருக்கு எதிரே, ஆற்றின் நடுவில், வெள்ளைக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நிற்பதுபோல் ஒரு கோட்டை நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. ஆற்றின் குறுக்கே சங்கிலி போட்டிருப்பார்கள். சுங்கம் கட்டாத படகு நகர முடியாது. நம் ஊர் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை அறுநூறு வருஷம் கழித்து யாராவது குடும்பத்தோடு வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டேன்.

"கூரை அழகா இருந்தா போவாங்க" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது உண்மைதான். சுங்கம் கட்டியவன் வயிறெரிந்து சபித்திருப்பான். அந்தச் சாபம் எங்கே போயிற்று? கூரை மட்டும் நிற்கிறது. எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. காசு போன கோபம் காசு போனவனோடு போய்விடுவது இயற்கை. ஆனால் எல்லாமே அப்படிப் போய்விடலாமா என்ற கேள்வி சில நாள் கழித்து மார்க்ஸ்பர்க் கோட்டையில் வந்தது.

பிரௌபாக் என்ற ஊரின் தலைக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கிறது மார்க்ஸ்பர்க். அந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் யுத்தங்களில் இடிக்கப்படாமல் தப்பியது அது ஒன்றுதான். பெரிய சமையல்கட்டு, ஆள் நுழையும் அடுப்பு, மதிலுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கழிப்பிடம். என் மகனுக்கு மற்றவை எல்லாம் மறந்துபோனாலும் அந்தக் கழிப்பிடம் மறக்காது. கடைசியில், முன்பு குதிரை லாயமாக இருந்த இடத்தில், சித்திரவதைக் கருவிகளை வைத்திருக்கிறார்கள்.

எங்களோடு வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் தம் மாமியாரைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெயில் நாள், விடுமுறை, கையில் எலுமிச்சை பானம். இந்தமாதிரி அறைகளில் உலகம் முழுவதும் மனிதர்கள் இப்படித்தான் சிரிக்கிறார்கள். சில அருங்காட்சியகங்களில் 'இரும்புக் கன்னி' என்று உள்ளே முட்கள் பதித்த ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். பழைய காலத்தில் அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்கிறார்கள் அறிஞர்கள். பிற்காலத்தில், பார்க்க வருபவர்களின் திகிலுக்காகச் செய்து வைத்தது. உண்மையில் இருந்த கொடுமை போதாதென்று கற்பனையிலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறான் மனிதன், அது பழங்காலத்தின் தலையில் விழுகிறது என்ற தைரியத்தில்.

என் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, இதுல நிஜமாவே ஆளுங்களை மாட்டினாங்களா?"

"இந்தமாதிரிக் கருவியிலே மாட்டினாங்க."

"அவங்க பேரெல்லாம் என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. "பசியோட நிக்கிற பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீங்க" என்று சொல்லி என் மனைவி அவனை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மதிலோரம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். கீழே ஆறு மின்னிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழை குறைவு. நடு ஆற்றில் பாறைகள் தெரிந்தன.

அதே விடுமுறையின் பின்பகுதியில் வடக்கே, பாதர்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில், வேவெல்ஸ்பர்க் என்ற கோட்டைக்குப் போனோம். முக்கோண வடிவமான கோட்டை. 1603 முதல் 1609 வரை ஒரு பிஷப் கட்டியது. அதன் ஒரு பகுதி இளைஞர் விடுதி. மலிவான அறை, காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். கோட்டைக்குள்ளேயே தூங்கப்போகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கோட்டையை 1934ஆம் வருஷம் ஹிம்ளர் குத்தகைக்கு எடுத்தான். வாடகை வருஷத்துக்கு ஒரு மார்க். தன் எஸ்.எஸ். படையின் தலைமைப் பீடமாக அதை மாற்ற வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசைக்குக் கல் உடைக்கவும் சுமக்கவும் பக்கத்திலேயே ஒரு கைதி முகாம் அமைத்தார்கள். அதில் அடைபட்டவர்கள் சுமார் 3,900 பேர். இறந்தவர்கள் குறைந்தபட்சம் 1,285 பேர். மதிலுக்கு முன்னால் இருக்கும் பழைய காவலர் கட்டடத்தில் இதையெல்லாம் காட்சியாக வைத்திருக்கிறார்கள். புகைப்படங்கள், கடிதங்கள், பெயர்கள்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. மாமியாரைப் பற்றிய வேடிக்கையை யாராவது சொல்லியிருந்தால் வெளியே பிடித்துத் தள்ளியிருப்பார்கள். தள்ளியது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கோட்டையிலேயே இன்னொரு நிலவறை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை அங்கே அடைத்து வைத்ததாகச் சொல்கிறார்கள். அதை எட்டிப் பார்க்கும்போது மட்டும் பிள்ளைகள் மறுபடியும் கிளுகிளுத்தார்கள். பெரியவர்களும் புன்னகை செய்தார்கள். இரண்டு இடங்களும் ஒரே குன்றின்மேல். நடுவில் சில நிமிஷ நடை. அந்தச் சில நிமிஷங்களில் நம் மனச்சாட்சி உடை மாற்றிக்கொண்டு விடுகிறது.

எண்பது வருஷத்துக்குக் கண்ணீர், நானூறு வருஷத்துக்குச் சிரிப்பு என்பதுதான் கணக்கா? அப்படியானால் இடையில் எந்த வருஷத்தில் அழுகை நின்று சிரிப்பு தொடங்குகிறது? நூற்றைம்பதிலா, இருநூறிலா? வேவெல்ஸ்பர்க் முகாமைப் பார்த்தும் சிரிக்கலாம் என்று 2300ஆம் வருஷத்தில் ஒரு குடும்பம் புளியோதரையோடு வருமா? வலித்தவனுக்கு வலி எந்த நூற்றாண்டில் என்பதில் என்ன வித்தியாசம்?

வருஷம் அல்ல காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பெர்க் என்ற ஊரில் யோஹன்னஸ் யூனியுஸ் என்று ஒருவர் இருந்தார். நகரத்தின் மேயர். 1628இல் சூனியக்காரர் என்று அவரைப் பிடித்து, சித்திரவதை செய்து, செய்யாத குற்றங்களை எல்லாம் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கருவிகளால் நசுங்கிப்போன கைகளோடு, சிறைக்குள்ளிருந்து ரகசியமாகத் தம் மகள் வெரோனிகாவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் நிரபராதி என்றும், வலி தாங்காமல்தான் பொய் சொன்னதாகவும் அதில் எழுதியிருக்கிறார். எழுதி முடிக்கப் பல நாள் பிடித்தது. அடுத்த மாதம் அவரைக் கொன்றுவிட்டார்கள். கடிதம் இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய நானூறு வருஷம் ஆகிவிட்டது. அதைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடிய ஒருவரை நான் பார்த்ததில்லை. பெயர் இருக்கிறது, மகள் இருக்கிறாள், வலிக்கிற கை இருக்கிறது. அவ்வளவும் இருந்தால் நூற்றாண்டுகள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்க்ஸ்பர்க் லாயத்தில் இரும்பு மட்டும் இருந்தது. மனிதன் இல்லை. அதனால்தான் சிரிக்க முடிந்தது. ஒன்பது வயதுப் பையன் அதைத்தான் கேட்டான்.

அன்று இரவு விடுதி அறையில் நான் இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "உலகத்துல ஒவ்வொரு கல்லுக்கு அடியிலயும் யாரோ ஒருத்தர் அழுதிருக்காங்க. எல்லாத்துக்கும் துக்கம் கொண்டாடினா பிள்ளைங்க எப்ப விளையாடறது?" என்றாள். அவள் கேட்டதற்கு அந்த ஊரே சாட்சி. முகாம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். யுத்தம் முடிந்ததும் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வந்த ஏழைகளுக்கு முதலில் அந்தக் கொட்டகைகளில்தான் இடம் கொடுத்தார்கள். பிறகு அது ஒரு குடியிருப்பு ஆகிவிட்டது. முகாமின் வாசல் கட்டடமே யாரோ குடியிருக்கும் வீடு. அங்கே கைதிகளை நிறுத்தி எண்ணிய மைதானத்தில் 2000ஆம் வருஷத்தில்தான் ஒரு நினைவுச் சின்னம் வந்தது. அதைத் தாண்டிப் பையன்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களை இறக்கிவிட்டு அழச் சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது.

கோட்டையின் வடக்குக் கோபுரத்தில் ஒரு வட்டமான கூடம் உண்டு. எஸ்.எஸ். தளபதிகள் கூடுவதற்கென்று உண்டாக்கியது. தரையில் சூரியச் சக்கரம் ஒன்றைச் சலவைக்கல்லில் பதித்திருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தைப் பார்த்துப் பரவசப்படுவதற்கென்றே இன்றும் சிலர் வருவதுண்டு. அதற்காக அதைப் பெயர்த்து எறியவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. அதன்மேல் பொதபொதவென்று உட்காரும் மூட்டை மெத்தைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். யார் உட்கார்ந்தாலும் கம்பீரம் போய், முழங்கால் மேலே வந்துவிடும். என் மகன் ஓடிப்போய் ஒன்றில் விழுந்தான். அங்கே மட்டும் அவன் சிரித்தது எனக்குச் சரி என்று பட்டது. அந்தச் சிரிப்பு இறந்தவர்களைப் பார்த்து அல்ல.

என் மகள் உட்காரவில்லை. காவலர் கட்டடத்துக்கு இன்னொரு தரம் போய்வரலாமா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. அவளும் நானும் மட்டும் போனோம்.