கூண்டும் கடனும்

இன்று ஜகார்த்தா எனப்படும் பற்றேவியாவில், 1890களில் ஐக்மன் என்னும் மருத்துவரின் ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தீட்டிய அரிசிச் சோறே காரணம்; தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் அவை தேறின. பெரிபெரி நோயின் காரணத்தை அறிய இதுவே வழிகாட்டிற்று. 1929இல் ஐக்மன் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். கோழிகள் பெற்றது யாது?

விலங்கு வெறும் பொறியே எனின் இவ்வினா எழாது. ஆனால், கோழியின் நரம்பு நம் நரம்பை ஒத்திருந்தமையாலன்றோ அச்சோதனை நமக்குப் பயன்பட்டது? அவ்வொப்புமையை அறிவின்பொருட்டு ஏற்று, வேதனையின்பொருட்டு மறுப்பது முரணாகும்.

தன் இரையைத் தானே தேட இயலாதவாறு அவ்வுயிரை அடைத்தவர் நாமே. ஆதலால் போதிய இடமும் தூய நீரும் ஏற்ற உணவும் நாம் இடும் பிச்சையல்ல, செலுத்தவேண்டிய கடன். அக்கடனைச் செலுத்துவதால் மட்டும் கூண்டு நியாயமாகிவிடாது. செலுத்தாவிடிலோ, நியாயம் பேசும் உரிமையே நமக்கில்லை.