மலையெல்லாம் முருகன் மலைன்னா, காவல் யாரோடது?



குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன் இருக்கிறான்னு பெரியவங்க சொல்வாங்க. நான் அதை மனசார நம்புறேன். நம்பினா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். கோயில் இருக்கிற குன்று மட்டும்தான் அவனோடதா? படிக்கட்டும் உண்டியலும் இல்லாத பாறை யாரோடது?

எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல இது வெறும் பேச்சு இல்ல. அருணகிரிநாதர் பாடின விராலிமலை இங்கதான் இருக்கு. அங்க மயிலுக்குக்கூட யாரும் கல் எறிய மாட்டோம். அதே மாவட்டத்துல திருமயம் பக்கம், கல்குவாரிகள்ல விதிமீறல் நடக்குதுன்னு அதிகாரிகளுக்கு மனு மேல மனு கொடுத்தவர் ஜகபர் அலி, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். 2025 ஜனவரி 17 அன்னிக்குத் தொழுகை முடிச்சுட்டு இருசக்கர வாகனத்துல வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தார். விபத்துன்னு முதல்ல சொல்லப்பட்டது, அவர் மனைவி புகார் கொடுத்த பிறகு கொலை வழக்காச்சு. குவாரி உரிமையாளர்கள் உட்படச் சிலர் கைதானாங்க. விசாரணை சிபிசிஐடிக்குப் போச்சு. குற்றவாளி யாருன்னு நீதிமன்றம் சொல்லட்டும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மலையைத் தெய்வம்னு கும்பிடுற நாம சும்மா இருந்தப்போ, அந்த மலைக்காக மனு எழுதினவர் பள்ளிவாசலுக்குப் போய் வந்த ஒரு மனுஷர்.

கல் உடைக்கிறதே பாவம்னு நான் சொல்ல வரல. குடுமியான்மலையிலயும் திருமயத்துலயும் பாறையைக் குடைஞ்சுதான் கோயில் கண்டாங்க. நம்ம வீட்டு அஸ்திவாரத்துல ஜல்லி இருக்கு. குவாரி வேலையை நம்பிப் பல குடும்பம் சாப்பிடுது. கேள்வி அளவைப் பத்தினது. ஏரி வத்தினா அடுத்த மழையில நிறையலாம். வெட்டின மரம் துளிர்க்கலாம். உடைச்ச மலை மட்டும் திரும்ப வளராது. சில வருஷக் குத்தகையில ஒருத்தர் எடுக்கிற கல், இனி பிறக்கப்போற எல்லாப் பிள்ளைகளோட பங்கும்தான். அதனாலதான் குத்தகைதாரரும் சரி, அனுமதி கொடுக்கிற அரசும் சரி, மலைக்குச் சொந்தக்காரங்க ஆக முடியாது. காவல்காரங்கதான்.

காவலுக்கு விதியும் இருக்கு. தமிழ்நாடு சிறுகனிம விதிகள் 1959-லயே வந்தாச்சு. குடியிருப்புல இருந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரிக்கு அனுமதி கிடையாது. சின்ன குவாரியா இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு 2012-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எவ்வளவு கல் எடுக்கலாம், எவ்வளவு ஆழம் தோண்டலாம்னு கணக்கு உண்டு. லாரிக்கு நடைச்சீட்டு உண்டு. இதெல்லாம் காகிதத்தோட நின்னுட்டா வெடி அதிர்வுல சுவர் விரியுது, தூசி நெஞ்சுக்குள்ள போகுது, கைவிட்ட பள்ளத்துல தண்ணி தேங்கி ஆளை விழுங்குது. லாபம் ஓர் இடத்துக்குப் போகுது, நஷ்டம் பக்கத்து ஊருக்கு வருது.

ஒரு நிர்வாகம் நல்லதா கெட்டதான்னு நான் பார்க்கிற அளவுகோல் ஒண்ணுதான்: சாதாரண ஆள் ஒருத்தர் கேள்வி கேட்டுட்டு பத்திரமா வீடு திரும்ப முடியுதா? கேள்வி கேட்கவே வீரம் வேணும்னா, அங்க விதி தோத்துப்போச்சு. வீரத்தை வேலவனுக்கு விட்டுடலாம். மனு கொடுக்கிறவருக்குத் தேவை துணை.

அந்தத் துணையா நாம இருக்கலாமே. உங்க ஊர்ல குவாரி இருந்தா அதோட சர்வே எண், குத்தகை முடியிற தேதி, அனுமதிச்ச ஆழம் எல்லாத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். கிராம சபையில பத்துப் பேரா எழுந்து நின்னு கேளுங்க, ஒருத்தரைத் தனியா நிக்க விடாதீங்க. கிருத்திகைக்குச் சேர்ந்து மலை ஏறுறோம், பாதயாத்திரை போறோம். அதே கூட்டம் ஒரு நாள் தாலுகா ஆபீஸ் படியும் ஏறட்டும். அதுவும் அவனுக்குச் செய்யிற தொண்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!