பச்சைப் பூவும் குற்றமும்

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தனது நூலில் ஓர் இலையைப் பற்றி எழுதுகின்றான். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தயில் குடியிருந்த அவன், தப்பிச் செல்ல வழிதேடி வடக்கு நோக்கி அலைந்த நாட்களிற் கெட்ட நீரைக் குடித்துக் காய்ச்சலுற்றான். கஞ்சா இலையைப் பொடித்து நாட்டுக் கருப்பட்டியோடு கலந்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்டதே அதற்கு மருந்தாயிற்று. அது தலைசுற்றச் செய்ததையும் அவன் மறைக்கவில்லை. இலண்டன் வேத்தியற் கழகத்தில் 1689 இல் றொபேட் ஹூக் இச்செடியைப் பற்றி ஆற்றிய உரைக்கு நொக்ஸ் கூறியவையே ஆதாரமாயின. கண்டி மலைநாட்டில் ஒரு கைதி உண்ட இலை ஐரோப்பிய அறிவியலின் ஆய்வுப் பொருளானது இவ்வாறுதான்.

அக்காலத்தில் அவ்விலையை உண்டது நோய்க்கு மருந்து. இன்று அதே செடி முற்றத்தில் நின்றாலே குற்றம். இடையில் மாறியது செடியன்று, சட்டமே. 1925 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவை அனைத்துலகக் கட்டுப்பாட்டினுட் கொணர்ந்தது. நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமமின்றி இச்செடியைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் இலங்கையிலே தடுத்தது. ஆயுள்வேத வைத்தியர்க்கு மருந்துத் தேவைக்கெனச் சிறு வாயிலொன்று விடப்பட்டது. ‘திரைலோக்கிய விஜய பத்திரம்’ என்ற வீறார்ந்த பெயருடன் இவ்விலை சுதேச மருத்துவத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது. மூவுலகையும் வென்ற இலையெனப் பொருள்படும் பெயரைத் தாங்கியது, பொலிசாரின் குற்றப் பத்திரத்திலும் இடம்பெறுவது ஒரு விந்தையே.

எனினும் இக்கட்டுரையின் வினா வேறொன்று. மயக்கந் தராத கஞ்சாப் பூவை ஒருவன் வைத்திருப்பின், அவன் செய்த தீமை யாது?

இவ்வினா கற்பனையன்று. மயக்கத்துக்குக் காரணமான பொருளை 1964 இல் இஸ்ரேலிய அறிஞர் மெக்கூலமும் கவோனியும் பிரித்தறிந்தனர். பச்சைப் பூவில் அப்பொருள் பெரும்பாலும் அமில வடிவிலேயே உள்ளது, அவ்வடிவம் மயக்குவதில்லை. நெருப்பின் சூடு பட்டுக் கரியமிலவாயு நீங்கிய பின்னரே அது மயக்கும் பொருளாகின்றது. நாட்பட உலர்த்தி வைப்பதாலும் அம்மாற்றம் சிறிது சிறிதாக நிகழும். இதுவன்றி, நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் இனங்களில் அப்பொருள் மிகக் குறைவு. அமெரிக்கா 2018 இல் நூற்றுக்கு 0.3 பங்கை எல்லையாக வகுத்தது. அவ்வெண்ணை 1976 இல் வகைப்பாட்டுக்கெனப் பயன்படுத்திய கனேடியத் தாவரவியலாளர் சுமோல், அது தம் வசதிக்காகத் தெரிந்துகொண்ட எல்லையே என்பதை ஒளிக்கவில்லை. தாவரவியலாளரின் வசதி பின்னர் குற்றவாளிக்கும் உழவனுக்கும் இடையிலான கோடாயிற்று.

சட்டத்தின் சார்பில் வாதிடுவோர், மயக்கம் பூவினுள் மறைந்தே உள்ளது, சூடு அதனை வெளிப்படுத்துகின்றது என்பர். காரியம் காரணத்தில் முன்னரே உண்டு என்னும் சற்காரியவாதம் சைவ சித்தாந்தம் பயின்றோர்க்குப் புதிதன்று. எள்ளில் எண்ணெய் போலப் பூவில் மயக்கம். வாதம் அழகியது; ஆயின் அது கடுகண்ணாவைச் சாலையோரக் கடைகளுக்கு வந்ததும் இடறுகின்றது. அங்கு விற்கப்படும் பாணியும் கருப்பட்டியும் கித்துள் மரத்தின் பூங்குலையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் பெறப்பட்டவை. அப்பதநீரைக் காய்ச்சாது விட்டால் யாரும் ஒன்றும் செய்யாமலே கள்ளாகிவிடும். கஞ்சாப் பூவையோ ஒருவன் வேண்டுமென்றே நெருப்பிலிட வேண்டும். உள்ளுறையும் ஆற்றலே குற்றமெனின், முதலிற் கூண்டில் ஏறவேண்டியது கித்துளே. ஆற்றலை வினையாக்கும் மனிதனின் விருப்பத்தைக் கணக்கிலெடாத நீதி, அறத்தின் பாற்பட்டதாகாது.

பழைய அறநூல்களும் பொருளை நோக்கிக் குற்றஞ் சாட்டியவை அல்ல. பௌத்தரின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவது அது சோர்வுக்கும் அசட்டைக்கும் இடமாவதால். திருக்குறளின் 93 ஆம் அதிகாரமும் நாணழிவையும் அறிவழிவையுமே இடித்துரைக்கின்றது. அறிவு அழியாதவிடத்து அக்கண்டனத்துக்கு இடமில்லை.

இத்துடன் சட்டத்தைப் பழித்து முடிப்பது எளிது, நேர்மையாகாது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் ஒருவனது பையைச் சோதிக்கும் பொலிசுக்காரருக்கு மயக்கும் பூவும் மயக்காப் பூவும் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்றே. பகுப்பாய்வாளரின் கூடமே வேறுபாட்டை அறியும். தானே தீயதன்றாயினும், வேறுபடுத்தல் அரிது என்பதற்காக ஒன்றை விலக்கும் உரிமை ஓர் அரசுக்கு உண்டு. பள்ளி மாணவரைப் போதைக்கு இரையாக்கும் வணிகம் நடக்கும் நாட்டில் அவ்வெச்சரிக்கை வீணன்று. ஆனால் நிருவாக வசதிக்காக விலக்கப்பட்டதை மீறியவனுக்கும் பிறர்க்குத் தீங்கிழைத்தவனுக்கும் ஒரே இழிபெயரைச் சூட்டும் உரிமை எங்கிருந்து வந்தது? தண்டப்பணத்தோடு தீரவேண்டிய பிழை ஒரு கூலியாளின் வாழ்நாள் முழுதும் தொடரும் பழியாவதே இங்குள்ள அநீதி.

அவ்வநீதி அண்மையில் மேலும் வெளிப்படையாயிற்று. 2025 இல், ஏற்றுமதிக்கு மட்டுமென்ற நிபந்தனையுடன், மீரிகமையில் மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு இடைக்கால அனுமதி அறிவிக்கப்பட்டது. அந்நியச் செலாவணி தேவையான நாடு அவ்வாறு செய்தல் வியப்பன்று. ஆயினும் அனுமதியின் பொருள் தெளிவு: வேலிக்குள் முதலீட்டாளரின் செடி பயிர், வேலிக்கு வெளியே மலையகத் தொழிலாளியின் கொல்லையில் தானே முளைத்தது குற்றச் சான்று. இரண்டின் பூக்களையும் பகுப்பாய்வுக் கூடத்தில் அருகருகே வைத்தால், வேலியைப் பற்றி அவை எதுவும் சொல்லமாட்டா.