நகுலமாதா உரைத்தவை



சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்து யாவரும் எழுந்த பின்னரும், தாராவி உபாசிகை ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தார். அவருடைய கணவருக்கு வாயில் ஆறாத புண் ஒன்று இருந்தது. சதையைச் சிறிது எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. இனி ஸ்கேன் எடுத்து, நோய் கழுத்துவரை பரவியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா என்பது முடிவாகும். "என்ன ஆகும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால் அது எதுவானாலும் தாங்கிக்கொள்வேன் ஐயா. தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார். அன்று அவருக்குத் தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. காலந்தாழ்ந்தேனும் அதனை ஈண்டுக் கூற முயல்கின்றோம்.

கூறத்தகாதவை இரண்டினை முதலில் விலக்கிவிடுவோம். அன்று அருகிலிருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு, "எல்லாம் அநித்தியம் அம்மா" என்றார். உண்மையே, ஆயினும் மருத்துவமனைக் காகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கி நிற்பவரிடம் அதைச் சொல்வது தம்மம் ஆகாது, பேச்சை முடித்துக்கொண்டு நாம் வீடு திரும்புவதற்கான வழியே ஆகும். மற்றொன்று, "முன்வினைப் பயன்" என்பது. இதனை உறவினர் பலர் அவர் காதுபடவே பேசியிருக்கின்றனர். மோளியசீவகன் என்னும் பரிவிராஜகன் இதே கேள்வியைப் பகவனிடம் கேட்டபோது, மனிதர் படும் துன்பம் அனைத்தும் முற்செய்த வினையால் வருவதென்பதைப் பகவன் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம், உடலைப் பேணாத நடத்தை எனக் காரணங்கள் பலவற்றை எடுத்துரைத்தார். 1957-இல் வெளிவந்த தம் நூலில் பாபாசாகேப் அம்பேத்கரும் முற்பிறவி வினைக் கொள்கையை ஏற்கவில்லை. பிறப்பாலேயே நம்மைத் தாழ்த்தியதற்கு எந்தக் கொள்கையைச் சான்று காட்டினார்களோ, அதே கொள்கையை நோயாளியின் கட்டிலருகே நாம் கொண்டுபோய் வைக்கலாமா? புகையிலையால் வாய்ப்புற்று வருவது மருத்துவர் அறிந்த காரணம். அவரைப் புகையிலையை விடச் செய்யுங்கள். போனதைச் சொல்லிக் குத்தாதீர்கள். அது முதல் அம்பு தைத்தவன்மேல் எய்யும் இரண்டாம் அம்பு.

இனி, உறுதி கேட்டார் அல்லவா? அதனைத் தர வல்லவர் எவருமில்லை. குறி சொல்பவன் தருவான், காசுக்கு. மருத்துவர் "நூற்றில் இத்தனை பேர்" என்று சொல்வது முன்பு வந்த பலரைப் பற்றிய கணக்கு. அந்நூறு பேருள் இவர் எவர் என்பது அதில் எழுதப்படவில்லை. பணம் இருந்தால் தெரிந்துவிடும் என்று எண்ணவும் வேண்டா. பம்பாயின் பெருஞ்செல்வருள் ஒருவரான தொராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். கணவர் மறு ஆண்டே அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்து, அவ்வாண்டிலேயே தாமும் மறைந்தார். தொராப்ஜியின் பெயரால் அமைந்த அறக்கட்டளையே பரேலில் டாடா நினைவு மருத்துவமனையை எழுப்பி 1941 பிப்ரவரி 28 அன்று திறந்தது. அன்று மருந்தே இல்லாதிருந்த இரத்தப் புற்றுவகைகள் சில இன்று குணமாகத் தக்கவை. அநித்தியம் என்பதற்கு இந்தப் பக்கமும் உண்டு என்பதைச் சொல்ல நாம் மறந்துவிடுகின்றோம்.

அவ்வாறாயின், விடை தெரியாத நாட்களில் செய்யத் தக்கது யாது? பக்கர் நாட்டுச் சுஞ்சுமாரகிரியில் நகுலபிதா என்னும் இல்லறத்தார் கொடிய நோயுற்றுக் கிடந்தார். அவர் மனைவி நகுலமாதா அவரருகே அமர்ந்து பேசினார். "நீர் பிழைத்துவிடுவீர்" என்று அவர் கூறவில்லை; கூற அவருக்குத் தெரியாது. கவலையோடு உயிர்விடுவது துன்பம் என்று தொடங்கி, கணவர் நெஞ்சில் கிடந்திருக்கக் கூடிய ஐயங்களை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்து வெளியே வைத்தார். அவற்றுள் முதலாவது எது? ஞானமா, மறுமையா? அன்று. வயிற்றுப்பாடு! தமக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், பிள்ளைகளைக் காப்பேன், குடும்பத்தை நடத்துவேன் என்றார். பின்னர், வேறு கணவரை நாடேன் என்றார். பகவனையும் சங்கத்தையும் காண்பதில் ஆர்வம் முன்னிலும் மிகும் என்றார். தம் சீலத்திலும், மன அமைதியிலும், தம்மத்தில் தாம் ஊன்றிய நிலையிலும் ஐயம் வேண்டா என்றார். கேட்டுக் கிடந்த நகுலபிதா நோய் நீங்கி எழுந்தார். கோலூன்றிப் பகவனிடம் சென்றார். இத்தகைய மனைவி வாய்த்தது உமக்குப் பெரும்பேறு என்று பகவன் அவரிடம் கூறினார்.

பேச்சினால் புற்று ஆறும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி மருத்துவத்தை நிறுத்தச் செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நாம் காட்டுவது வேறு. நம் வீடுகளில் புற்று என்னும் சொல்லையே வாயில் எடுப்பதில்லை. "பெரிய வியாதி" என்போம். கடனையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசினால் அபசகுனம் என்போம். கணவர் மனைவிக்காக மறைக்க, மனைவி கணவருக்காக மறைக்க, பத்தடி அறையில் இருவரும் இருவேறு தனிமையில் கிடப்பர். நகுலமாதா அந்தச் சுவரைத்தான் இடித்தார்.

இதனை அந்த உபாசிகையிடம் கூறினோம். முதலில் தயங்கினார். மூன்று நாள் சென்று வந்து, ஓரிரவு பிள்ளைகள் உறங்கிய பின் கேட்டுவிட்டதாகச் சொன்னார். கணவர் அஞ்சியது அவர் நினைத்தது அன்று. சீட்டுப் பணம் பாக்கி. அறையின் காகிதங்கள் தம் பெயரில் மட்டும் உள்ளன, கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில் தாம் இல்லாவிட்டால் என்ன ஆகும். மகள் கல்லூரியை நிறுத்திவிடுவார்களோ என்பவையே. அம்மையார் இட்லி வியாபாரத்தின் வரவைக் கணக்கிட்டுக் காட்டினாராம். நோட்டுப்புத்தகத்தில் மகள் எல்லாவற்றையும் எழுதினாளாம். ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அன்றிரவு அவர் உறங்கினார் என்றார்.

வயிற்றுக்கடுப்பால் கேட்பாரற்றுக் கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் ஆனந்தரோடு தாமே நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார் என்பதை அறிவீர்கள். காகிதங்கள் பற்றி விவரமறிந்த அன்பர் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று வந்துள்ளார். முடிவு வரும் வியாழனன்று காலை ஆறரை மணிக்கு அவர்கள் சயான் நிலையத்திலிருந்து பரேல் செல்கின்றனர். வரிசையில் நிற்க இருவர் பெயர் கொடுத்துள்ளனர். பகலுணவு கொண்டுசெல்ல இன்னும் ஒருவர் தேவை.