பின்னால் வருகிறவருக்குப் பட்ட கடன்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், டாஹோ ஏரியை நோக்கி ரூபிகான் என்றொரு தடம் போகிறது. நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அது அரை மணி நேர ஓட்டம். இங்கேயோ பலர் நடுவழியில் ரூபிகான் ஸ்பிரிங்ஸில் கூடாரமடித்துத் தங்கி, மறுநாள்தான் மிச்சத்தைக் கடக்கிறார்கள். பெரும் பாறைகளின் மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். 1953 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து 55 ஜீப்புகளில் 155 பேர் கூட்டமாகக் கிளம்பினார்கள். 'ஜீப்பர்ஸ் ஜாம்போரி' என்ற பயணம் அப்படித்தான் தொடங்கியது.

இந்தப் பயணத்தின் கனமான பகுதி வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டியரிங் டை ராடை ஆட்டிப் பார்க்கிறார்கள். வீல் நட்டுகளை முறுக்குகிறார்கள். சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் முன் ஆக்சிலின் யூ-ஜாயிண்ட் உடையும். எனவே மாற்று ஒன்று பையில் ஏறுகிறது. பேட்டரி அசையாமல் இறுக்கப்படுகிறது. ஜாக்கியும் கருவிப்பெட்டியும் கட்டப்படுகின்றன, ஏனென்றால் வண்டி கவிழ்ந்தால் முதலில் பறப்பவை அவைதான். தடத்தின் வாயிலில் டயர் காற்றை 35 பாயிண்டிலிருந்து 15 வரை இறக்குகிறார்கள். காற்று குறைந்த டயர் பாறையின் மேடு பள்ளத்துக்கு வளைந்து, அதைப் பற்றிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் உடைகிறது. பட்டறையில் குறை சொல்ல முடியாதபடி செப்பனிட்ட வண்டியும் ஒரு பாறையில் சறுக்கி டை ராடை வளைத்துக்கொள்ளும். அப்படியானால் தயாரிப்பு என்பதுதான் என்ன? விளைவு நம் கையில் இல்லாதபோது, முன்னேற்பாட்டுக்கு என்ன பொருள்?

பழைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் ஞானிகள் இதற்கு ஒரு வில்லாளியைக் காட்டினார்கள். சிசரோ அதை எழுதி வைத்திருக்கிறார். குறி பார்த்து அம்பை விடுவதில் தன்னால் இயன்றது அத்தனையும் செய்வது வில்லாளியின் வேலை. அம்பு தைப்பது அவன் வசத்தில் இல்லை. பலனைப் பற்றாமல் கடமையைச் செய் என்று கீதையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான எண்ணமல்ல. ஆறுதலான விடைதான். ஆனால் ரூபிகானுக்கு அது போதாது.

காரணம், அந்த வில்லாளி தனியாக நிற்கிறான். அவன் குறி தவறினால் நட்டம் அவனோடு போகும். பாறைத் தடத்திலோ ஒரு வண்டி முடங்கினால் பின்னால் வரும் பத்து வண்டிகளும் நிற்கும். விலகிப் போக வழி இருக்காது. வண்டியை இழுக்கும் கயிற்றைச் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கியில் மாட்டாமல், டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டினால், அந்த உருண்டை முறிந்து குண்டுபோலப் பறக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. ஒருவருடைய சோம்பலுக்கு இன்னொருவர் விலை கொடுக்கும் இடம் இது. ஆகவே இங்கே முன்னேற்பாடு விதியோடு நடத்தும் பேரம் அல்ல. சக பயணிக்குப் பட்ட கடன் என்பதே அதற்குச் சரியான பெயர்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எடைபோடச் சொல்லும் வலிமைகளில் துணைவலியும் ஒன்று. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமையும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. பத்துப் பேருக்கான சாமான்களைத் தன் ஒரே வண்டியில் அடைத்துக்கொண்டு வருகிறவருக்கு இரண்டும் பொருந்தும். எல்லாவற்றையும் தானே சுமப்பது தன்னிறைவு போலத் தெரியும். உண்மையில் அது கூட வருகிறவர்களை நம்பாமை. அனுபவசாலிகளின் குழுவில் ஒருவர் வின்ச் கொண்டுவருவார், ஒருவர் மாற்று ஆக்சில், இன்னொருவர் வெல்டிங் கம்பி. காட்டு நடுவில் கார் பேட்டரிகளை ஒன்றோடொன்று தொடராக இணைத்தே உடைந்த இரும்பை ஒட்டவைத்துவிடுவார்கள். பேட்டரிக்காக அடுத்தவர் தன் பானெட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற வழக்கமும் இப்படிப் பிறந்ததுதான். திருப்பத்தில் அது தெரியாவிட்டால் நின்றுவிடுவார்.

கடன் பட்டது மனிதர்களுக்கு மட்டுமா? தடம் ஓடும் மண்ணுக்கும் நீருக்கும்தான். 2009-இல் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம், ரூபிகான் தடத்தில் அரித்துப் போகும் மண்ணும் வண்டி எண்ணெயும் மனிதக் கழிவும் நீரைக் கெடுப்பதாகச் சொல்லி, எல் டொராடோ கவுண்டிக்கும் வனத்துறைக்கும் துப்புரவு ஆணை பிறப்பித்தது. தடத்தை நேசித்தவர்களுக்கு அது வலித்திருக்கும். ஆனால் நியாயமான ஆணை.

இன்று அங்கே கிளம்புகிறவர்களின் பையில் யூ-ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் உறிஞ்சும் துணியும், கழிவைத் திரும்பக் கொண்டுவரும் பையும் இருக்கின்றன. டிஃபரன்ஷியல் மூடி பாறையில் மோதிக் கசியத் தொடங்கினால், வண்டிக்காரர் ஸ்பேனரைத் தேடும் முன்பே யாராவது ஒருவர் குனிந்து அந்தத் துணியை அடியில் விரித்துவிடுகிறார்.